திருநெல்வேலியிலிருந்து டெல்லி: கிழமை பார்த்துக் கிளம்புங்கள்

டெல்லியில் முதல் நாள் காலையிலேயே செங்கோட்டை வாசலில் போய் நின்றோம். பூட்டியிருந்தது. திங்கட்கிழமை. ஏற்றிக்கொண்டு வந்த ஆட்டோக்காரருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. சவாரி போய்விடுமே என்று வாயைத் திறக்கவில்லை. இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து, வீங்கிய காலோடு வந்திருந்த என் அத்தை அந்தச் சிவப்பு மதிலை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏல, செங்கோட்டையத்தான் பாக்கணும்னா நம்ம ஜங்ஷன்ல செங்கோட்டை பாசஞ்சர் ஏறியிருந்தா ரெண்டு மணி நேரத்துல போய்ச் சேர்ந்திருக்கலாமே.”

அதற்கப்புறம் இரண்டு தடவை சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய்வந்துவிட்டேன். இப்போது யாராவது டெல்லியில் என்னவெல்லாம் பார்க்கலாம் என்று கேட்டால், நான் இடங்களின் பெயரை அடுக்குவதில்லை. என்றைக்குப் போய் இறங்குகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

முதல் வேலை: கிழமைக் கணக்கு

திங்கட்கிழமை மூடியிருப்பவை: செங்கோட்டை, அக்ஷர்தாம் கோயில், தாமரைக் கோயில், தேசிய அருங்காட்சியகம், ரயில் அருங்காட்சியகம், காந்தி ஸ்மிருதி. சாமான் வாங்க எல்லாரும் ஓடும் சரோஜினி நகர் சந்தைக்கும் அன்றைக்குத்தான் விடுமுறை. சாந்தினி சௌக் கடைகளுக்கு ஞாயிறு விடுமுறை. ஆக்ராவில் தாஜ்மகால் வெள்ளிக்கிழமை கிடையாது. குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, இந்தியா கேட், குருத்வாராக்கள் ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கு இல்லை, எல்லா நாளும் போகலாம்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. திருநெல்வேலி வழியாக டெல்லி போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸில் வெள்ளிக்கிழமை ராத்திரி ஏறுகிறவர் ஞாயிறு சாயங்காலம் இறங்குவார். மறுநாள் திங்கள். நாங்கள் மாட்டிக்கொண்டது அப்படித்தான். அந்தத் திங்களைத் தெற்கு டெல்லிக்கு ஒதுக்கிவிட்டு, செவ்வாயில் செங்கோட்டையை வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை.

இன்னொன்று. ஆகஸ்ட் 15-க்கு முந்தைய நாட்களில் செங்கோட்டைக்குள் விடமாட்டார்கள். ஜனவரி 26-ஐ ஒட்டி இந்தியா கேட் பக்கம் பாதை பாதையாக அடைத்திருப்பார்கள். அணிவகுப்பு பார்க்கப் போகிறவர் போகட்டும். ஊர் பார்க்கப் போகிறவர் அந்த வாரத்தை விட்டுவிட வேண்டும்.

எந்த மாதம்

நம் வீடுகளில் டெல்லிப் பயணம் என்றாலே பிள்ளைகளின் பரீட்சை லீவுதான். ஒன்று மே, இல்லாவிட்டால் அரையாண்டு முடிந்த டிசம்பர் கடைசி. இரண்டுமே டெல்லிக்கு ஆகாத மாதங்கள். “கத்திரி வெயிலைப் பார்க்காதவங்களா நாம?” என்று கேட்பீர்கள். நம் வெயிலில் வேர்க்கும். அங்கே வேர்வையே காய்ந்துவிடும். 45 டிகிரியைத் தொடும் வெயிலில் ‘லூ’ என்று ஒரு அனல்காற்று அடிக்கும், அடுப்பு வாசலில் முகத்தை வைத்த மாதிரி. டிசம்பர் கடைசியில் பனிமூட்டம். எதிரே வரும் ஆள் தெரியாது, ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும், சாயங்காலம் ஐந்தரைக்கே இருட்டிவிடும். நவம்பரில் புகைமூட்டம் தொண்டையைக் கரகரக்க வைக்கும். இழுப்பு உள்ளவர்களை அப்போது கூட்டிப் போகவே கூடாது.

பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். அக்டோபரும் சரி. பள்ளிக்கு நாலு நாள் லீவு போட்டாலும் பரவாயில்லை என்பது என் கட்சி. டிசம்பர், ஜனவரியில்தான் போக முடியும் என்றால், குற்றால சீசனுக்கு வாங்கிய ஸ்வெட்டரை நம்ப வேண்டாம். காதை மூடும் குல்லா, சாக்ஸ், கனமான சால்வை வேண்டும். மற்றதை அங்கே நடைபாதைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம், நம் ஊரில் கிடைப்பதைவிட நன்றாக இருக்கும்.

ரயிலா, விமானமா

திருக்குறள் எக்ஸ்பிரஸ் கன்னியாகுமரியிலிருந்து வாரம் இரண்டு நாள். விஜயவாடா, நாக்பூர், போபால், ஜான்சி என்று போய் ஹஜ்ரத் நிஜாமுதீன் நிலையத்தில் நிற்கும். முன்பதிவு 60 நாளைக்கு முன்னால் திறக்கிறது. குடும்பமாகக் கீழ்ப் படுக்கைகள் வேண்டுமென்றால் திறந்த அன்றே போட்டுவிடுங்கள். ஒரே மூச்சில் உட்கார முடியாதவர்கள் நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய், ஒரு நாள் தங்கி, தமிழ்நாடு எக்ஸ்பிரஸைப் பிடிக்கலாம். அது புது டெல்லி நிலையத்துக்கே போகும். விமானம் என்றால் வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து சென்னை போய் மாற வேண்டும். நேராகப் போக மதுரையோ திருவனந்தபுரமோதான்.

ரயில் சாப்பாட்டுக்கு முதல் நாள் எண்ணெயும் மிளகாய்ப் பொடியும் தடவிய இட்லி, இரண்டாம் நாள் புளியோதரை. மூன்றாம் நாளுக்கு எதுவும் தாங்காது. டெல்லி சொந்தக்காரர்களுக்கு அல்வா கொண்டுபோகாமல் இருக்க மாட்டீர்கள். ஜனவரி குளிரில் அதன் நெய் வெள்ளையாக உறைந்து, அல்வா கட்டியாகிவிடும். கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துவிட வேண்டாம். கிண்ணத்தில் போட்டு, சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் சற்று நேரம் வைத்தால் வழிக்கு வந்துவிடும்.

எங்கே தங்குவது, எதில் சுற்றுவது

கரோல் பாக் பக்கம் தங்குங்கள். மெட்ரோ வாசலிலேயே இருக்கிறது, இட்லி தோசை கிடைக்கும், பல காலமாகத் தமிழர் புழங்கும் இடம். பஹாட்கஞ்ச் மலிவுதான், புது டெல்லி நிலையத்துக்கு எதிரேதான். ஆனாலும் வயதானவர்களோடு அந்தச் சந்துகளில் பெட்டியை இழுத்துக்கொண்டு அலைவது எனக்கு ஒத்துவரவில்லை.

சுற்றுவதற்கு மெட்ரோவை விட்டால் வேறு எதுவும் இல்லை. 2002 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. இன்று ஊர் முழுக்கப் பின்னிக் கிடக்கிறது. ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு வாங்கிவிட்டால் ஒவ்வொரு தடவையும் வரிசையில் நிற்க வேண்டாம், கட்டணத்திலும் 10 சதவீதம் குறையும். ஒரு கார்டை நாலு பேர் காட்டி உள்ளே போக முடியாது. ஓடும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும். தெரியாமல் ஏறிய மாமா ஒருவர் அடுத்த நிலையம் வரை தரையையே பார்த்துக்கொண்டு நின்றதை நான் கண்ணாரப் பார்த்தேன். ‘மஞ்சள், ஊதா, நீலம்’ என்று பாதைகளுக்கு நிறம் வைத்திருப்பதால் எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சிகூட இரண்டாம் நாளில் வழி சொல்லிவிடுவார்.

பழைய டெல்லிக்கு ஒரு நாள்

காலை ஏழரைக்கெல்லாம் ஊதாப் பாதையில் ஜாமா மசூதி நிலையத்தில் இறங்குங்கள். மசூதி அந்த நேரத்தில் அமைதியாக இருக்கும். ஷாஜகான் கட்டியது, 1656-இல் முடிந்தது. படியேறிச் செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்தில் நின்றால் எதிரே செங்கோட்டை தெரியும். கோட்டை ஒன்பதரைக்குத் திறக்கும்போது முதல் ஆளாகப் போய்விடலாம்.

செங்கோட்டையை வேகமாகப் பார்த்துவிட்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். அரண்மனை என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். மயிலாசனத்தை 1739-இல் நாதிர்ஷா தூக்கிக்கொண்டு போய்விட்டான். 1857-க்கு அப்புறம் வெள்ளைக்காரன் உள்கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்துவிட்டுப் படைவீரர் குடியிருப்புக் கட்டினான். பார்க்க வேண்டியது, அங்கே நடந்த இரண்டு வழக்குகளின் இடம். ஒன்று, 1858-இல் கடைசி முகலாய அரசர் பகதூர் ஷா ஜஃபரை அவருடைய சொந்தக் கொலுமண்டபத்திலேயே நிறுத்தி விசாரித்து ரங்கூனுக்கு நாடு கடத்தியது. கயத்தாற்றுப் புளியமரத்தில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டது 1799. டெல்லியில் நடந்தது நமக்குப் பழைய கதை.

இரண்டாவது வழக்கு 1945-46-இல். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகளான ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவரையும் இங்கேதான் விசாரித்தார்கள். பல வருஷம் தொடாத வக்கீல் அங்கியை மாட்டிக்கொண்டு நேரு வந்து உட்கார்ந்தார். அந்த ராணுவத்தில் மலேயாத் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழர்கள் எத்தனையோ பேர். உங்கள் வீட்டில் மலேயாவுக்கோ பர்மாவுக்கோ போன தாத்தா யாராவது இருந்தால், உள்ளே இருக்கும் நேதாஜி அருங்காட்சியகத்தில் நின்று நிதானமாகப் பாருங்கள். நான் கூட்டிப் போன மாமா அங்கிருந்து நகரவே அரை மணி நேரம் ஆயிற்று.

வெளியே வந்தால் எதிரே சாந்தினி சௌக். பகலில் அந்தப் பெரிய தெருவில் மோட்டார் வண்டி கிடையாது. சைக்கிள் ரிக்‌ஷா உண்டு. ஏறும் முன்பே வாடகை பேசிவிடுங்கள். சீஸ் கஞ்ச் குருத்வாராவில் தலையைத் துணியால் மூடிக்கொண்டு உள்ளே போகலாம். சீக்கியர்களின் ஒன்பதாம் குரு தேஜ் பகதூரை 1675-இல் ஔரங்கசீப் ஆட்சியில் தலை வெட்டிய இடம் அது. மத்தியானத்துக்குப் பராத்தே வாலி கலி என்ற சந்தில் நெய்யில் பொரித்த பராட்டா. நம் கடைப் பரோட்டாவை மனத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், அது வேறு சாதி. ஆளுக்கு இரண்டு போதும்; மூன்றாவது சாப்பிட்டால் சாயங்காலம் படுக்கைதான்.

புது டெல்லிக்கு ஒரு நாள்

கல்கத்தாவிலிருந்து தலைநகரை மாற்றுவதாக 1911-இல் அறிவித்து, 1931-இல் திறந்து வைத்த ஊர் இது. எல்லாம் அகலம், எல்லாம் தூரம். படத்தில் பக்கத்தில் தெரிவது நடந்தால் அரை மணி நேரம்.

இந்தியா கேட்டில் ஆரம்பியுங்கள். 42 மீட்டர் உயரம். முதல் உலகப்போரில் வெள்ளைக்காரனுக்காகச் செத்த நம் சிப்பாய்களின் நினைவாக எழுப்பியது. எல்லாரும் அதன் முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதற்குப் பின்னால், 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. சுதந்திரத்துக்குப் பிறகு உயிர்விட்டவர்களின் பெயர்களைக் கல் கல்லாக, வட்டம் வட்டமாகப் பொறித்திருக்கிறார்கள். பரம்வீர் சக்கரம் பெற்றவர்களின் சிலைகள் தனி இடத்தில். இலங்கையில் 1987-இல் உயிர்விட்ட மேஜர் ராமசாமி பரமேஸ்வரனைத் தேடிப் பாருங்கள்.

நாடாளுமன்றத்தை வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். உள்ளே போக உங்கள் எம்.பி. மூலம் பாஸ் வாங்க வேண்டும். ஊரிலேயே அவர் அலுவலகத்தில் முன்கூட்டிக் கேட்டுப் பாருங்கள். திருவாவடுதுறை ஆதீனத்திலிருந்து போய் 1947 ஆகஸ்ட் 14 இரவு நேருவிடம் கொடுத்த செங்கோல், அலகாபாத் அருங்காட்சியகத்தில் கிடந்துவிட்டு, 2023 மே 28 முதல் மக்களவைத் தலைவர் இருக்கைக்குப் பக்கத்தில் நிற்கிறது. குடியரசுத் தலைவர் மாளிகைக்கு, 340 அறை கொண்ட அந்தக் கட்டடத்துக்கு, இணையத்தில் பதிவு செய்து போகலாம். நேரில் போய்க் கெஞ்சினால் நடக்காது. அசல் அடையாள அட்டை எல்லாரிடமும் இருக்க வேண்டும், ஜெராக்ஸ் எடுபடாது.

இந்த நாளில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் காந்தி ஸ்மிருதிக்குப் போங்கள். பழைய பிர்லா மாளிகை. காந்தி கடைசி 144 நாள் தங்கிய வீடு. 1948 ஜனவரி 30 சாயங்காலம் பிரார்த்தனைக்கு நடந்துபோன பாதையில் அவர் காலடிகளைக் கல்லில் பதித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் காலடிகள் ஓர் இடத்தில் நின்றுவிடும். கட்டணம் கிடையாது, கூட்டமும் அவ்வளவாக இருக்காது. பேசிக்கொண்டே வந்த எங்கள் பிள்ளைகள் அங்கே தானாகவே அமைதியானார்கள்.

திரும்பும் வழியில் கான் மார்க்கெட்டை ஒட்டி ஒரு தெரு: சுப்பிரமணிய பாரதி மார்க். எட்டயபுரத்தில் பிறந்து, நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்து, கடையத்தில் பெண் எடுத்தவருக்கு டெல்லியில் இப்படி ஒரு நிழலான தெரு. பலகையோடு ஒரு படம் எடுத்துக்கொள்ள ஐந்து நிமிஷம் போதும்.

தெற்கு டெல்லி, திங்கட்கிழமைக்கு

காலையில் ஹுமாயூன் கல்லறை. 1570 வாக்கில் முடிந்தது, தாஜ்மகாலுக்கு முன்னோடி. அவருடைய மனைவி பேகா பேகம் கட்டுவித்தது. மனைவிக்காகக் கணவன் கட்டியதைக் கொண்டாடும் கூட்டம் கணவனுக்காக மனைவி கட்டியதைக் கண்டுகொள்வதில்லை. செங்கோட்டையில் விசாரித்த ஜஃபர், 1857 செப்டம்பரில் ஒளிந்திருந்து பிடிபட்டது இங்கேதான். பக்கத்திலேயே நிஜாமுதீன் தர்கா. வியாழன் சாயங்காலம் கவ்வாலி பாடுவார்கள்.

அப்புறம் மஞ்சள் பாதையில் குதுப் மினார் நிலையம், அங்கிருந்து ஆட்டோ. கோபுரம் 73 மீட்டருக்குச் சற்றே குறைவு. உள்ளே 379 படி உண்டு, ஆனால் 1981-இல் நெரிசலில் பலர் இறந்த பிறகு ஏற விடுவதில்லை. எல்லாரும் கோபுரத்தை அண்ணாந்து பார்க்க, நான் அதன் பக்கத்தில் நிற்கும் இரும்புத் தூணிடம்தான் போவேன். ஏழு மீட்டர் உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை, ஏறத்தாழ 1,600 வருஷமாக வெயிலிலும் மழையிலும் நின்றும் துருப்பிடித்து அரிக்கவில்லை. இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அது மேலே மெல்லிய படலமாகப் படிந்து காக்கிறது என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். ஆதிச்சநல்லூர், சிவகளை முதுமக்கள் தாழிகளில் இரும்பு எடுத்த ஊர்க்காரர்கள் நாம். தூணை வேலிக்கு வெளியே நின்று பார்க்கும்போது ஒரு சொந்தம் தோன்றத்தான் செய்கிறது. ஹுமாயூன் கல்லறை, குதுப் மினார் இரண்டுக்கும் இந்தியருக்குக் கவுண்டரில் 40 ரூபாய், இணையத்தில் 35. 15 வயதுக்குக் கீழே இலவசம். இலங்கைச் சொந்தங்கள் கூட வந்தால் அவர்களுக்கும் சார்க் நாட்டுக் கணக்கில் இதே கட்டணம்தான், பாஸ்போர்ட்டை எடுத்துவரச் சொல்லுங்கள்.

சாயங்காலத்துக்கு ராமகிருஷ்ணபுரத்தில் மலை மந்திர். குன்றின் மேல் சுவாமிநாத சுவாமி, 1973-இல் குடமுழுக்கு. நம் கோயில்களைப் போலவே மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், ஆகவே மாலையில்தான் போக வேண்டும். கருங்கல் மண்டபம், விபூதி, சுற்றிலும் தமிழ். மூன்று நாளாக முகம் சுண்டியிருந்த அத்தை, பிராகாரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மாமியிடம் “நீங்க எந்தப் பக்கம்?” என்று ஆரம்பித்து, முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. பக்கத்துச் சாணக்கியபுரியில் தமிழ்நாடு இல்லம் ஒன்றுக்குப் பெயர் பொதிகை என்று சொன்னபோது, “அங்க சாரல் விழுமா?” என்றார்.

ஆக்ராவும், விட்டுவிட வேண்டியவையும்

ஆக்ராவுக்கு நிஜாமுதீனிலிருந்து கதிமான் எக்ஸ்பிரஸ். ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம். தாஜ் மூடும் வெள்ளிக்கிழமை ரயிலும் கிடையாது. தாஜ்மகாலில் 50 ரூபாய்ச் சீட்டு வளாகத்துக்குத்தான். மேல்மேடை ஏறிக் கல்லறையைப் பார்க்க இன்னும் 200. அன்றைக்கு டெல்லியில் வேறு எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது.

அக்ஷர்தாமுக்கு அரை நாள் போய்விடும். போன், பை எல்லாவற்றையும் வெளியே ஒப்படைக்க வேண்டும், வெளியே வந்து பிரிந்தவர்களைத் தேடுவது தனி வேலை. கூடும் இடத்தை முன்பே பேசி வையுங்கள். ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு இடம் காட்டும் பஸ் டூர் வேண்டவே வேண்டாம். செங்கோட்டைக்கு நாற்பது நிமிஷம், எம்போரியம் கடைக்கு ஒரு மணி நேரம் என்று ஓட்டுவார்கள்.

வாயும் வயிறும்

சோறு இல்லாமல் முடியாதவர்களுக்கு அசோகா சாலையில் ஆந்திரா பவன் கேன்டீன். பருப்புப் பொடி, நெய், வேண்டுமளவு சோறு. வடக்கத்திச் சாப்பாட்டிலேயே சோறு வேண்டுமென்றால் ராஜ்மா சாவல் கேளுங்கள். கன்னாட் பிளேஸ் பக்கம் பங்களா சாஹிப் குருத்வாராவில் யார் போனாலும் தரையில் உட்கார வைத்து ரொட்டியும் தாலும் போடுவார்கள். ரொட்டியை இரண்டு கையையும் ஏந்தி வாங்க வேண்டும்.

இந்திக்குப் பயப்பட வேண்டாம். நம் ‘அண்ணாச்சி’க்கு அங்கே ‘பையா’. ‘கித்னா’ என்றால் எவ்வளவு, ‘நஹீ சாஹியே’ என்றால் வேண்டாம், ‘மீட்டர் சே சலோ’ என்றால் மீட்டர் போட்டுப் போ. நிலையத்துக்கு வெளியே “உங்க ரயில் ரத்து, டிக்கெட் ஆபீஸ் இடம் மாறிடுச்சு” என்று தானாக வந்து சொல்கிறவரோடு ஓர் அடிகூடப் போகாதீர்கள். அது பழைய தந்திரம்.

திரும்பும் நாளில் டிக்கெட்டை எடுத்து எந்த நிலையம் என்று ஒரு தடவை படியுங்கள். புது டெல்லி வேறு, பழைய டெல்லி வேறு, ஹஜ்ரத் நிஜாமுதீன் வேறு. திருக்குறளுக்கு நிஜாமுதீன்தான். ஆட்டோக்காரரிடம் வெறுமனே நிஜாமுதீன் என்று சொன்னால் தர்கா வாசலில் இறக்கிவிட்டுவிடுவார். ‘ஸ்டேஷன்’ என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.